80 கிரெய்ன் போதுமா? மான் வேட்டைக்கு எடை குறைந்த ரைஃபிள் குண்டு

.30 காலிபரில் (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்), 110 கிரெய்ன் எடையில், நான்கு விதமான குண்டுகளை மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவது ஹார்னடி வி-மேக்ஸ். கயோட்டி என்ற சிறு ஓநாய், புல்வெளியில் பொந்து தோண்டும் சிறு பிராணிகள் போன்றவற்றுக்காகச் செய்தது; பட்ட இடத்திலேயே தூளாகிவிடும். இரண்டாவது எம்1 கார்பைன் என்ற பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கிக்கான உருண்டை மூக்கு ஈயக் குண்டு. விநாடிக்கு 2,000 அடியை ஒட்டிய வேகத்துக்குக் கணக்குப் பண்ணியது. மூன்றாவது பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ். முழுக்கச் செம்பு; .308, .30-06 போன்ற ரைஃபிள் தோட்டாக்கள் தரும் வேகத்தில்தான் ஒழுங்காக விரியும். நான்காவது அதே பார்ன்ஸின் டாக்-டிஎக்ஸ். இதுவும் செம்புதான். ஆனால் .300 பிளாக்அவுட் தோட்டாவின் மந்தமான வேகத்திலேயே விரிய வேண்டும் என்று மூக்கில் அகலமாகக் குடைந்திருப்பார்கள்.

நான்குக்கும் ஒரே விட்டம், ஒரே எடை. .308 ரைஃபிளில் வி-மேக்ஸைப் போட்டு மானின் தோளில் அடித்தால், மேல்சதையில் தட்டு அகலத்துக்குக் காயம் ஆகும்; நுரையீரல் வரை ஒன்றுமே போய்ச் சேராமல் மான் ஓடிவிடலாம். பிளாக்அவுட்டில் டிடிஎஸ்எக்ஸைப் போட்டால், நூறு கெஜம் தாண்டியதும் வேகம் போதாமல், விரியாமலேயே ஊசி குத்தியதுபோல் மறுபக்கம் வந்துவிடும். அதனால் "எத்தனை கிரெய்ன் வாங்கலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. எந்த அமைப்பு, எந்த வேகத்தில் போய்ப் படப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. எடை கூடின குண்டில் அமைப்பைத் தவறாக எடுத்தாலும் பல நேரம் எடையே காப்பாற்றிவிடும். எடை குறைந்த குண்டில் அந்தச் சலுகை கிடையாது.

பேச்சு முழுக்க அமெரிக்காவின் வெண்வால் மானைப் பற்றியது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை சிறைக்குப் போகும் குற்றம். அமெரிக்காவிலும் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையாக வாங்கிய வேட்டை உரிமம் அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. அதை முடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இங்கே குண்டு என்பது குழலை விட்டுப் பறக்கும் பகுதி மட்டும். குண்டோடு கேஸ் (கூடு), பிரைமர் (பற்றவைக்கும் பொட்டு), வெடிமருந்து எல்லாம் சேர்ந்தது தோட்டா. .243, .308 போன்றவை தோட்டா ரகங்களின் பெயர். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 100 கிரெய்ன் என்றால் ஏறத்தாழ ஆறரை கிராம்.

எதற்காக எடை குறைந்தது?

பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் உதை, அதாவது சுடும்போது ரைஃபிள் தோளில் இடிப்பது. ஏழரை பவுண்டு ரைஃபிளில் .30-06, 180 கிரெய்ன் குண்டோடு சுமார் 20 அடி-பவுண்டு (ஆற்றலின் அளவு) உதைக்கும். .308-இல் 150 கிரெய்ன் என்றால் 16-ஐ ஒட்டி. .243 வின்செஸ்டரில் 100 கிரெய்ன் 9-ஐ ஒட்டி. .223 மூன்று நான்குதான். முதல் சீசனுக்கு வரும் பிள்ளைகளுக்கும், ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரிது. உதைக்குப் பயந்தவர் டிரிகரை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடுவார், தோளை முன்னால் தள்ளுவார். குழல் வாய் தாழ்ந்து குண்டு குறிக்குக் கீழே போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கூட இருப்பவர் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல், ஒரு டம்மித் தோட்டாவைப் போட்டுக் கொடுக்கட்டும். டம்மியில் டிரிகரை அழுத்தும்போது குழல் துள்ளித் தாழ்ந்தால், கோளாறு ஸ்கோப்பில் இல்லை.

ஆனால் ஒரே ரைஃபிளில் 100-இலிருந்து 80 கிரெய்னுக்கு மாறுவதால் உதை பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். .243-இல் அந்த வித்தியாசத்தைத் தோள் உணர்வதே அரிது. எடை குறைந்த குண்டை வேகமாக ஓட்டத்தானே செய்கிறார்கள்? உதை குறைய வேண்டும் என்றால் தோட்டா ரகத்தையே மாற்ற வேண்டும், அல்லது வேகத்தையும் சேர்த்துக் குறைத்த தோட்டா வாங்க வேண்டும். ஹார்னடியின் கஸ்டம் லைட் வரிசையில் .308-க்கு 125 கிரெய்ன் எஸ்எஸ்டி, விநாடிக்கு 2,675 அடியில் வருகிறது; உதை வழக்கமான .308-இல் ஏறத்தாழ பாதி. அந்த எஸ்எஸ்டி மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் அடைத்த சாதாரணக் குண்டுதான். வேகத்தைக் குறைத்திருப்பதாலேயே அது உடையாமல் வேலை செய்கிறது. அதே 125 கிரெய்னை முழு வேகத்தில் ஓட்டி 40 கெஜத்தில் தோளெலும்பில் அடித்தால் கதை வேறு.

இரண்டாவது காரணம் செம்பு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 9-க்கும் சற்றுக் கீழே. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளம் கூடினால் கேஸுக்குள் இடத்தைத் தின்னும், புரியும் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரி) வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் செம்புக்கு மாறுகிறவர்கள் எடையில் ஒரு படி இறங்குவதுதான் இயல்பு: 100 கிரெய்ன் சுட்டவர் 80, 150 சுட்டவர் 130. செம்பு எடையை இழக்காமல் போவதால் இந்த இறக்கம் நஷ்டமும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் இல்லாத குண்டுதான். ஈயத் துணுக்குள்ள மிச்சங்களைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்ததுதான் அந்தச் சட்டத்தின் பின்னணி. ஸ்காட்லாந்து இதையே சட்டத்தில் எழுதிவிட்டது. அங்கே ரோ என்ற சிறு மான் தவிர்த்த மற்ற மான்களுக்குக் குறைந்தபட்சம் 100 கிரெய்ன் என்று இருந்ததை, செம்புக் குண்டுகளுக்கு வழிவிட 2023-இல் 80 ஆக்கினார்கள்.

.243-இல் இரண்டு பெட்டிகள்

எண்களை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல சண்டைகள் தீரும். ரெமிங்டன் கோர்-லோக்ட் 100 கிரெய்ன்: குழல் வாயில் விநாடிக்கு 2,960 அடி, 1,945 அடி-பவுண்டு. 300 கெஜத்தில் 2,215 அடி, 1,089 அடி-பவுண்டு. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் 80 கிரெய்ன்: குழல் வாயில் 3,350 அடி, ஏறத்தாழ 1,990 அடி-பவுண்டு. 300 கெஜத்தில் சுமார் 2,500 அடி, 1,100-ஐ ஒட்டிய அடி-பவுண்டு. ஆற்றலில் இரண்டும் சமம். 200 கெஜத்தில் ஜீரோ செய்தால் (குண்டு அந்தத் தூரத்தில் குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்) 300-இல் 100 கிரெய்ன் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 80 கிரெய்ன் ஆறு அங்குலத்தை ஒட்டியும் விழும். அந்த இரண்டு அங்குலத்துக்காக யாரும் குண்டு மாற்ற வேண்டியதில்லை.

வித்தியாசம் உள்ளே போன பிறகு. கோர்-லோக்ட் போன்ற ஈயக் குண்டு மானின் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு எடையையோ அதற்கு மேலோ உதிர்த்துவிடும். உதிர்ந்த துண்டுகள் நுரையீரலைக் கிழிக்கும். மான் சீக்கிரம் விழும். மிச்சமிருக்கும் அறுபது எழுபது கிரெய்ன்தான் மறுபக்கம் போகப் பார்க்கும். செம்பு டிடிஎஸ்எக்ஸ் நான்கு இதழாக விரிந்து, கிட்டத்தட்ட முழு எடையோடு வெளியே போகும். ஆக, "80 கிரெய்ன்" என்று பெட்டியில் எழுதியிருக்கும் குண்டு மானின் அந்தப்பக்க விலாவை அடையும்போது "100 கிரெய்ன்" குண்டைவிடக் கனமாக இருக்கும். எடை குறைந்த குண்டுக்கு ஆதரவான வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். இதே வாதம் 80 கிரெய்ன் ஈயக் குண்டுக்குச் செல்லாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. சிறுவர்களுக்கான ரைஃபிளின் குழல் 20 அங்குலம்தான். அங்குலத்துக்கு 25 முதல் 30 அடி குறையும் என்று வைத்தால் நூறு அடிக்கு மேல் போய்விடும். அப்படியும் 80 கிரெய்ன் செம்புக்கு 300 கெஜம் வரை வேகப் பஞ்சமில்லை. செம்புக் குண்டு ஒழுங்காக விரிய, படும்போது விநாடிக்கு 2,000 அடி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. ஈயத்துக்கு 1,800 போதும். உங்கள் தோட்டா எந்தத் தூரத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றல் கணக்கைவிட இது உபயோகமானது.

கடையில் ஏமாறும் இடம்

.243 அலமாரியில் 55 முதல் 100 கிரெய்ன் வரை பெட்டிகள் பக்கம்பக்கமாக இருக்கும். அதில் பாதி மானுக்கு ஆகாது. 58 கிரெய்ன் வி-மேக்ஸ் அப்படிப்பட்டது. நாஸ்லர் பாலிஸ்டிக் டிப் இன்னும் குழப்பம் தரும்: 6 மி.மீ.-இல் (.243 குண்டின் விட்டம்) 55, 70, 80 கிரெய்ன் எல்லாம் சிறு பிராணிகளுக்கானவை. 90, 95 கிரெய்ன் மானுக்கானவை. நுனியின் ஊதா நிறம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். "80 கிரெய்ன் போதும்" என்று எங்கோ படித்துவிட்டு, செம்பு 80-க்குப் பதில் இந்த 80-ஐ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மூக்கில் துளை இருந்தாலே உடையும் குண்டு என்ற பொதுவிதியும் நிற்காது. சியர்ராவின் 85 கிரெய்ன் கேம்கிங் துளை மூக்குதான். ஆனால் உறை தடிமன், மான் குண்டு என்று பல காலமாகப் பெயர் எடுத்தது. பெட்டியின் பின்பக்கத்தில் எந்த விலங்குக்கு என்று படம் போட்டிருப்பார்கள். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

எடை குறைந்த குண்டுகளில் மானுக்கு நம்பத் தகுந்தவற்றை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். முழுச் செம்பு: பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ், நாஸ்லர் இ-டிப். நடுவில் குறுக்குச் சுவர் வைத்தது: நாஸ்லர் பார்ட்டிஷன். 1948-இல் ஜான் நாஸ்லர் விற்பனைக்குக் கொண்டுவந்த பழைய யோசனை. முன்பாதி சிதறும், பின்பாதி சுவருக்குப் பின்னால் முழுசாக நின்று துளைத்துக்கொண்டு போகும். 6 மி.மீ.-இல் 85, 95 கிரெய்னும், .224-இல் (.223 தோட்டாவின் குண்டு விட்டம்) 60 கிரெய்னும் கிடைக்கும். மூன்றாவது, ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்ட வைத்தது: ஃபெடரல் ஃப்யூஷன், ஸ்பீர் கோல்ட் டாட், ஸ்விஃப்ட் சிராக்கோ. விலைக்கும் வேலைக்கும் சேர்த்துப் பார்த்தால், .243 வைத்திருக்கும் புதியவருக்கு என் வாக்கு 95 கிரெய்ன் ஃப்யூஷனுக்கு. ஈயம் வேண்டாம் என்பவருக்கு 80 கிரெய்ன் டிடிஎஸ்எக்ஸ். வெறும் உறையும் ஈயமும் மட்டுமான குண்டு என்றால் .243-இல் 95, 100-க்குக் கீழே இறங்காதீர்கள். கேம்கிங் 85 மட்டும் விலக்கு.

முழு உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு விரியவே விரியாது. பல மாநிலங்களில் மானுக்கு அது சட்டவிரோதம். பயிற்சிக்கு வைத்திருக்கும் பெட்டி வேட்டைப் பைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்கும் குண்டு எந்த ரகம் என்று சந்தேகம் இருந்தால் கேலன் தண்ணீர்க் கேன்களை ஒன்றின்பின் ஒன்றாக ஆறேழு வையுங்கள். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். சிறு பிராணிக் குண்டு முதல் ஒன்றிரண்டு கேன்களை வெடிக்கவைத்து, அடியில் செதில் செதிலாகக் கிடக்கும். மான் குண்டு நாலைந்து கேன்களைத் தாண்டி ஒரே துண்டாகக் கிடைக்கும். கிடைத்ததைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தண்ணீர் எலும்பு ஆகாது. ஆனால் எது உடையும், எது நிற்கும் என்று காட்டிவிடும்.

புரி: .244 ரெமிங்டன் தோற்ற இடம்

1955-இல் இரண்டு 6 மி.மீ. தோட்டாக்கள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தன. வின்செஸ்டர் தன் .308 கேஸின் கழுத்தைச் சுருக்கி .243-ஐச் செய்தது, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரி, 100 கிரெய்ன் குண்டு வரை தாங்கும். ரெமிங்டனின் .244-க்குக் கேஸில் மருந்து கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனால் இது சிறு பிராணிகளுக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டு 12 அங்குலப் புரி வைத்தார்கள். 90 கிரெய்ன் வரைதான் நேராகப் போகும் என்று பேச்சு. ஒரே ரைஃபிளில் கயோட்டியும் மானும் வேண்டும் என்று நினைத்தவர்கள் எல்லாரும் .243-ஐ வாங்கினார்கள். 1963-இல் புரியை 9 அங்குலமாக்கி, 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் சந்தை கைவிட்டுப் போய்விட்டது.

இன்றைக்கும் இதே பிரச்சினை வேறு ரூபத்தில் வருகிறது. புரி தீர்மானிப்பது குண்டின் எடையை அல்ல, நீளத்தை. பழைய .223 ரைஃபிள்களில் 12 அங்குலப் புரி இருக்கும்; 55 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு அது சரி. 62 கிரெய்ன் செம்பு டிஎஸ்எக்ஸுக்கு 9 அங்குலமோ அதைவிட வேகமாகவோ வேண்டும். 70 கிரெய்ன் டிஎஸ்எக்ஸுக்கு 8. புரி போதாவிட்டால் குண்டு பறக்கும்போதே தலையாட்டும். காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வட்டத் துளை விழும். ஒரே ஒரு நீள்வட்டத் துளை தெரிந்தாலும் அந்தக் குண்டு அந்தக் குழலுக்கு ஆகாது. குழலில் எண் பொறிக்காத ரைஃபிள் என்றால் நீங்களே அளக்கலாம். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பிறகு, சுழலும் கைப்பிடி வைத்த துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் விடுங்கள். கம்பியில் ஒரு கோடு போட்டு, அது முழுச் சுற்று சுற்றி வர எத்தனை அங்குலம் போகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் போதும்.

.223 மானுக்கு ஆகுமா?

வேட்டைக்காரர்களிடையே ஓயாத தகராறு. சட்டமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் .223 செல்லும். வர்ஜீனியாவில் மானுக்கு .23 காலிபருக்குக் குறையக் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் .24. கொலராடோவில் .24-க்குக் குறையாத காலிபர், மானுக்கு 70 கிரெய்னுக்குக் குறையாத விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். ஒவ்வொரு சீசனும் மாநிலத்தின் விதிப்புத்தகம் புதிதாக வரும். போன வருஷத்தை நம்பாதீர்கள்.

சட்டம் விட்டாலும் எல்லை உண்டு. சாதாரண 55 கிரெய்ன் ஈயக் குண்டு 3,240 அடியில் புறப்பட்டாலும் 100 கெஜத்தில் 920 அடி-பவுண்டுதான் மிஞ்சும், 200-இல் 650. மணிக்கு பத்து மைல் குறுக்குக்காற்று இருந்தால் 300 கெஜத்தில் ஓரடி தள்ளிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு எட்டு அங்குலம். நடுவில் குறிவைத்தால் எந்தப் பக்கமும் நாலு அங்குலம்தான் இடம். டெக்சஸ் மலைநாட்டுப் பெண் மான் உயிரெடை நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும்; அதற்கு 60 கிரெய்ன் பார்ட்டிஷனோ 62 கிரெய்ன் செம்போ ஃப்யூஷனோ, 150 கெஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும்போது போதும். மினசோட்டாவில் நூறு கிலோவைத் தொடும் கொம்பன் முன்னால் நிற்கும்போது .223-க்கு அங்கே வேலை இல்லை. தேர்ந்த கைகளில் அது வேலை செய்யும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் .223-ஐத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் புதிய கைகள்.

.223-உம் .300 பிளாக்அவுட்டும் வைத்திருக்கும் வீட்டில் ஓர் எச்சரிக்கை. இரண்டும் ஒரே மேகசினில் போகும். 110 கிரெய்ன் போன்ற குட்டையான குண்டு போட்ட பிளாக்அவுட் தோட்டா சில சமயம் .223 அறைக்குள்ளும் உட்கார்ந்துவிடும். சுட்டால் ரைஃபிள் வெடிக்கும். மேகசினுக்கு வேறு வேறு நிறப் பட்டை ஒட்டுவது, இரண்டையும் ஒரே நாளில் காட்டுக்கு எடுத்துப்போகாமல் இருப்பது, இரண்டும் வேண்டும்.

.308 வைத்திருப்பவர்களுக்கு 130 கிரெய்ன் டிடிஎஸ்எக்ஸ் நல்ல நடுவழி. 3,100 அடியைத் தாண்டிப் போகும், 150 கிரெய்ன் ஈயம் செய்யும் எல்லாவற்றையும் செய்யும். .270-க்கு 130 கிரெய்ன் 1925-இலிருந்தே வழக்கம். அங்கே "எடை குறைந்தது" என்ற பேச்சே எழாது. 6.5 கிரீட்மூரில் 120 கிரெய்ன் செம்பு, 7 மி.மீ.-08-இல் 120 கிரெய்ன் செம்பு. அவ்வளவுதான்.

எங்கே அடிப்பது

மான் பக்கவாட்டில் நிற்கிறது என்றால், முன்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அங்கே விலா எலும்பு மட்டும்தான். எந்த மான் குண்டும் தாண்டிவிடும். தோள்பட்டை எலும்பு மெல்லிய தகடு, உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் மூட்டும் மேல்கால் எலும்பும்தான் எடை குறைந்த ஈயக் குண்டை உடைக்கும் இடம். இந்த வகைக் குண்டோடு தோளைக் குறிவைத்து "நின்ற இடத்தில் விழவைப்பது" வேண்டாம். செம்பு .243 என்றால் அதையும் செய்யலாம்.

மான் சற்று அந்தப்பக்கமாகத் திரும்பி நிற்பது எடை குறைந்த குண்டுக்கு மிக வசதியான நிலை. வெளியே வரும் இடம் எதிர்ப்பக்கத் தோளாக இருக்கும்படி கணக்குப் போட்டு, நுழையும் இடத்தைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நம்மை நோக்கித் திரும்பி நின்றால், ஈயம் என்றால் பொறுத்திருங்கள். பின்புறமாக நிற்கும் மானை எந்தக் குண்டாலும் சுட வேண்டாம். மரத்து மேடையிலிருந்து செங்குத்தாகக் கீழே பார்த்துச் சுடும்போது ஒரே நுரையீரலில் மட்டும் பட்டு நின்றுபோகும் ஆபத்து கூடுதல். மான் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்.

செம்புக் குண்டு உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் வேகத்தோடு போகும். பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா, மண்சரிவு இருக்கிறதா என்று பார்க்காமல் டிரிகரைத் தொடக் கூடாது.

ஜீரோ செய்யும்போது

குண்டை மாற்றினால் ஜீரோவும் மாறும், மேலே கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும். 100 கிரெய்னுக்கு ஜீரோ செய்த ரைஃபிளில் 80 கிரெய்னைப் போட்டுக்கொண்டு நேராகக் காட்டுக்குப் போனால், மானைக் குறைசொல்ல முடியாது. முதலில் குழலைச் செம்பு கரைக்கும் திரவத்தால் துடையுங்கள். துணியில் நீலம் வருவது நிற்கும் வரை. பழைய ஈயக் குண்டின் உறைப் படிவின் மேல் செம்புக் குண்டு ஓடினால் குவிப்பு (துளைகள் ஓரிடத்தில் சேர்வது) கலைவது சகஜம். துடைத்த குழலில் முதல் மூன்று நாலு குண்டுகள் ஊரெல்லாம் போகும், கணக்கில் எடுக்காதீர்கள். 25 கெஜத்தில் தொடங்கி, பிறகு 100-க்குப் போங்கள். மூன்று மூன்றாகச் சுட்டு, நடுவே குழல் ஆறட்டும். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே நிறுத்தினால் .243, 80 கிரெய்ன் 200 கெஜத்தைச் சற்றுத் தாண்டித்தான் குறிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். அதுவரை ஸ்கோப்பின் நடுப்புள்ளியே போதும். விலை மலிந்த தோட்டாவில் பயிற்சி செய்யலாம். ஆனால் சீசனுக்கு முன்னால் கடைசியாகச் சரிபார்ப்பது வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் தோட்டா அடைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 80 கிரெய்ன் ஈயக் குண்டுக்கான மருந்தளவை 80 கிரெய்ன் செம்புக்குப் போடக் கூடாது என்பது. செம்பு நீளம், கேஸுக்குள் ஆழமாக இறங்கும், குழல் உள்ளே உராய்வும் வேறு, அழுத்தம் எகிறும். அந்தக் குண்டுக்கென்றே அதன் கம்பெனி போட்ட அட்டவணையில் ஆரம்ப அளவிலிருந்து ஏறுங்கள். குண்டு புரியைத் தொடாமல் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐம்பது பங்காவது (0.05 அங்குலம்) இடைவெளி விடுவது பெரும்பாலும் செம்புக்குப் பிடிக்கும். அந்த இடைவெளியை இன்னும் கூட்டியும் பார்க்கலாம்.

சுட்ட பிறகு

செம்புக் குண்டு பட்ட மான் நுரையீரல் கிழிந்தும் ஐம்பது நூறு கெஜம் ஓடும். நுழைந்த துளை சிறியது, வெளித்துளை ஓரங்குலத்தை ஒட்டி. ஓடியதும் "தவறிவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து அடையாளம் செய்துகொண்டு, அரை மணி பொறுத்து அங்கே போய் ரோமமும் ரத்தமும் தேடுங்கள். இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் கல்லீரல். மூன்று நாலு மணி நேரம் விட்டுப் போங்கள். பச்சையும் நாற்றமும் இருந்தால் வயிறு. எட்டு மணி நேரமாவது தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும், உடனே துரத்தினால் மைல் கணக்கில் போய்விடும். எடை குறைந்த ஈயக் குண்டு உள்ளேயே நின்றுபோனால் வெளித்துளையே இருக்காது. ரத்தம் உடம்புக்குள்ளேயே தேங்கி, முதல் ஐம்பது கெஜத்துக்குத் தரையில் ஒரு சொட்டும் விழாது. ஓடிய திசையை ரத்தத்தை நம்பாமல் குளம்புத் தடத்தை வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இறைச்சி வெட்டும்போதும் குண்டு பேசும். வேகமாகச் சிதறும் ஈயக் குண்டின் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவில், காயத்திலிருந்து ஓரடி தூரம் வரை போயிருப்பதை 2008-இல் மினசோட்டா இயற்கை வளத் துறையின் எக்ஸ்ரே சோதனைகள் காட்டின. அதே ஆண்டு வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்துக்கறியை உணவு வங்கிகள் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொன்னது. ஈயம் சுட்டிருந்தால் காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய சதையோடு நிறுத்தாமல், தாராளமாகக் கைவைத்து வெட்டி எறியுங்கள். அந்த ஓரச்சதையைக் கொத்துக்கறி அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் துணுக்கு மொத்தக் கறியிலும் பரவிவிடும். கழுவினால் போகாது, தண்ணீர் துணுக்கைப் பரப்பத்தான் செய்யும். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடு என்றால் ஈயக் குண்டு பட்ட முன்காலைக் கறிக்கு எடுக்காமலே விட்டுவிடலாம். செம்பு என்றால் ரத்தம் கட்டிய இரண்டு விரற்கடைச் சதையைச் சீவினால் போதும், மிச்சம் சட்டிக்கு.